ஈரச் சாக்கும் ஒரு சாரும்

“அவிய சம்பளம் வாங்குதவிய, தீய அணைப்பாவ. நாங்க ஓடத்தாம்மா செய்யணும்” என்றாள் சண்முகத்தாய்.

தெருப் பெண்கள் மொத்தப் பேரும் தலையாட்டினார்கள்.

தீயணைப்பு நிலைய அதிகாரி ஞானசௌந்தரி கோபப்படவில்லை. முக்கால் மணி நேரமாகக் கோபப்படாமலேயே பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் சிவப்பு வண்டி. முன்னால் ஒரு கேஸ் சிலிண்டர். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், ஒரு சாக்கு.

“ஓடுங்க, வேண்டாங்கல. ஆனா வாசல மறிச்சுத் தீ நின்னா எங்கன ஓடுவிய? நாங்க வந்து சேருததுக்குள்ள வீடு போயிரும்க்கா. ஒரு ஈரச் சாக்குதான். யாராவது ஒருத்தர் வந்து பிடிங்க.”

யாரும் வரவில்லை. போன மாதம் சண்முகத்தாய் வீட்டு அடுப்பங்கரை எரிந்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள். நல்ல தூரத்தில் நின்று பார்த்திருந்தார்கள்.

அப்போதுதான் ஞானசௌந்தரியின் கண் தெருக்குழாயடிக்குப் போனது.

“சார்! இங்கன வாங்க.”

குனிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த தாணுலிங்கம் நிமிர்ந்து, பின்னால் திரும்பிப் பார்த்தான். பின்னால் சுவர் இருந்தது. சுவரை யாரும் சார் என்று கூப்பிடமாட்டார்கள்.

தாணுலிங்கத்துக்கு உடன்குடியில் கருப்பட்டிக் கடை. போன வருஷம் கடையில் தீப்பிடித்தபோது, தீயணைப்புக்காரர்கள் புகைக்குள் புகுந்து, ஒரு சிப்பம் கருப்பட்டிகூட உருகாமல் காப்பாற்றிக் கொடுத்தார்கள். டீ குடிக்கச் சொன்னதற்கு, அடுத்த ஊரில் வைக்கோல் போர் எரிகிறது என்று போய்விட்டார்கள். அந்த நன்றியை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாமல் குலசை முத்தாரம்மனிடம் வைத்தான். இந்த தசராவுக்கு மாலை போட்டு, தீயணைப்பு வீரர் வேஷம் கட்டி, தெருத்தெருவாகக் காணிக்கை வாங்கி அம்மனுக்குச் செலுத்துவதாக நேர்ச்சை.

தையல்காரர் தாராள மனசுக்காரர். தாணுலிங்கத்தின் தோளில் ஞானசௌந்தரியைவிட ஒரு நட்சத்திரம் கூடுதலாக இருந்தது.

அவனுடைய தசராக் குழு அடுத்த தெருவில் மேளம் அடித்துக்கொண்டிருந்தது. அங்கே ஓடியிருக்கலாம். ‘நான் வேஷம்’ என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஆனால் ஞானசௌந்தரி விறைப்பாக ஒரு சல்யூட் வைத்துவிட்டாள்.

நாற்பத்தைந்து வயது வரைக்கும் தாணுலிங்கத்துக்கு யாரும் சல்யூட் வைத்ததில்லை. அவனுடைய கையும் கால்களும் அவனைக் கேட்காமலே காரியத்தில் இறங்கின. கை சல்யூட் வைத்தது. கால் சிலிண்டரை நோக்கி நடந்தது.

எந்த ஸ்டேஷன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதாவது உண்மையைச் சொல்லியிருப்பான். கடையில் சூடம் கொளுத்துவதுகூட அவன் மனைவி தேவகனிதான். தீக்குச்சி உரசினால் இவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

ஒரு வீரர் சிலிண்டரைத் திறந்து கொளுத்தினார். குபீரென்று ஓர் ஆள் உயரத்துக்கு எழுந்தது தீ. பெண்கள் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்கள். நாற்காலி இல்லாத தாணுலிங்கம் நகர முடியாமல் நின்றான். இரண்டு பக்கமும் தண்ணீர்க் குழாயோடு இரண்டு வீரர்கள் வந்து நின்றார்கள். எதற்கு இவ்வளவு பக்கத்தில் நிற்கிறார்கள் என்று அவனுக்குப் புரியவில்லை.

ஞானசௌந்தரி கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். “சார் இப்ப சாக்க நல்லா முக்கி எடுப்பாரு.”

சார் முக்கி எடுத்தார்.

“காத்து முதுகுல படுத மாதிரி நிப்பாரு. வலப்பக்கம் ரெண்டு எட்டு வைப்பாரு.”

சார் வைத்தார்.

“சாக்க மூஞ்சிக்கு நேரா பிடிச்சு, கைய அதுக்குள்ள மறைச்சுக்கிடுவாரு. கண்ண மூட மாட்டாரு.”

சார் கண்ணைத் திறந்தார்.

தெருமுனையில் அவனைத் தேடி வந்த மாசானம் நின்றான். குழுவில் அவன் கரடி வேஷம். கருப்பட்டிக்கடைக்காரன் தீக்குள் போவதைப் பார்த்த கரடி, இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டது.

“பதறாம, தன் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கமா மூடுவாரு. மேல இருந்து எறிய மாட்டாரு. சிலிண்டர் கழுத்தோட சேத்து இறுக்கிப் பிடிப்பாரு.”

அனல் முழங்கை வரை வந்தது. தாணுலிங்கம் முத்தாரம்மனை நினைத்தான், தேவகனியை நினைத்தான், மூடினான். இறுக்கினான்.

தீ இருந்த இடத்தில் தீ இல்லை.

அவ்வளவுதான். சாக்குக்கு அடியில் உஸ்ஸென்ற சத்தம் மட்டும் கேட்டது.

“இப்ப வால்வ மூடுவாரு. வீடா இருந்தா கதவு, ஜன்னலத் தொறப்பாரு. லைட்டு சுவிச்சத் தொட மாட்டாரு.”

சார் வால்வை மூடினார். இல்லாத சுவிட்சை அவர் தொடவில்லை.

கைதட்டல் கிளம்பியது. தாணுலிங்கம் தன் இரண்டு கைகளையும் எண்ணிப் பார்த்தான். இரண்டும் இருந்தன.

“அதான் சொன்னேம்லா?” என்றாள் சண்முகத்தாய். “படிச்சு, பழகுன ஆளு. நமக்கு வருமா?”

ஞானசௌந்தரி சாக்கை வாங்கி வாளியில் நனைத்தாள்.

“இவரு எங்க ஆளு இல்லக்கா. குலசைக்கு வேஷம் கட்டி வந்தவரு. தெரிஞ்சுதான் கூப்பிட்டேன். இன்னைக்குத்தான் மொத மொத அணைக்காரு.”

தாணுலிங்கத்தின் காது சூடானது. தீக்குப் பக்கத்தில்கூட அவ்வளவு சூடு இல்லை.

சண்முகத்தாய் அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். நட்சத்திரங்களைப் பார்த்தாள். பித்தான் தெறிக்கப் பார்க்கும் தொப்பையைப் பார்த்தாள்.

“இவரே அணைச்சுட்டாரா!” என்றபடி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள்.