இடது தோளுக்குக் கீழே

படம் துண்டு துண்டாகத் திரையில் ஏறிக்கொண்டிருந்தது.

முதலில் ஒரு கொண்டை. பிறகு கழுத்து. பிறகு, அந்தப் பக்கம் திரும்பிக்கொண்ட முகத்தில் காது மட்டும்.

பெரிய கான்வாஸ். மொத்தமாக எடுத்தால் நுணுக்கம் தேறாது. பகுதி பகுதியாக எடுத்துக் கணினியில் ஒட்டவைக்க வேண்டும். அருங்காட்சியகத்தின் நிரந்தரச் சேகரிப்பு முழுவதையும் இப்படித்தான் இணையத்தில் ஏற்றுகிறார்கள். கேமரா எட்வினுடையது. ஒவ்வொரு படைப்பையும் ஆராய்ந்து குறிப்பு எழுதுவது அவள் வேலை.

இந்தப் படத்துக்கு நேற்றே எழுதிவிட்டாள். பழைய கறுப்பு வெள்ளை அச்சைப் பார்த்து எழுதியது.

'படத்தில் இருப்பவர்: அடையாளம் தெரியாத பெண். இடது தோளுக்குக் கீழே ஓவியர் வண்ணத்தைக் கத்தியால் வழித்துக் கலைத்திருக்கிறார். உடலை முழுமையாகக் காட்ட மறுக்கும் துணிச்சல் இது.'

துணிச்சல் என்ற சொல் அகப்பட்டதில் அவளுக்கு ஒரே சந்தோஷம். கேன்டீனுக்குப் போய் ஒரு டீ கூடக் குடித்தாள்.

இப்போது இடது தோள் திரைக்கு வந்தது.

எட்வின் பெரிதாக்கினான். இன்னும் பெரிதாக்கினான்.

கத்தியாவது, வழிப்பதாவது. மெல்லிய தூரிகையால், பொறுமையாக, ஒவ்வொரு சுருக்கத்தையும் வரைந்திருந்தார் அந்த மனிதர். ஆறிய பாலின் ஆடைபோலச் சுருங்கிய தோல். அதன் கீழ்நுனி வாலாக நீண்டு, முதுகுத்தண்டைத் தொடாமல் நின்றது.

அந்த வாலை அவளுக்குத் தெரியும்.

எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாட்களில் அதன் மேல் மட்டும் மெதுவாகத் தேய்க்க வேண்டும். அழுத்தினால் அம்மா கத்துவாள். சின்ன வயதில் கொதிக்கும் கஞ்சி கொட்டிய இடம்.

அது அம்மாவின் முதுகு.

முதுகு மட்டுமா? இடுப்பு. இடுப்புக்குக் கீழே. எங்கும் ஒரு முழத் துணி இல்லை.



கல்யாணத்துக்கு முன்னால் அம்மா ஓவியக் கல்லூரியில் வேலை பார்த்தாள். பெருக்கும் வேலை. வீட்டில் எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும். அப்பாவும் கடைசிவரை அப்படியே நம்பித்தான் போய்ச் சேர்ந்தார்.

"ஓகேதானே மேடம்? ஏத்திடட்டுமா?" என்றான் எட்வின்.

சாயங்காலம் இணையதளத்தைத் திறந்துவைக்கிறார்கள். அதன் பிறகு யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இரண்டு விரலால் விரித்துப் பார்க்கலாம். முகம் தெரியாதுதான். ஆனால் குழாயடியில் அம்மாவோடு குளித்தவர்கள் தெருவில் இன்னும் இருக்கிறார்கள். ஆளுக்கொரு செல்போனோடு இருக்கிறார்கள்.

மறைக்கவும் வழி இருந்தது. கான்வாஸ் பழுது, இப்போதைக்கு வேண்டாம் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். எட்வின் நம்பிவிடுவான்.

"இரு, வந்துடறேன்."

படிக்கட்டுக்கு வந்தாள். போன் முதலில் வேறு யாருக்கோ போனது. வெட்டிவிட்டு மறுபடி போட்டாள்.

அம்மா எடுத்தாள். பின்னால் டிவி அலறிக்கொண்டிருந்தது.

பெற்ற தாயிடம் கேட்கிற கேள்வியா இது? இங்கே ஒரு படம் இருக்கிறது என்றாள். அந்தக் காலத்தில் உன் காலேஜில் வரைந்தது என்றாள். முதுகில் அந்தத் தழும்பு இருக்கிறது என்றாள்.

டிவி சத்தம் நின்றது.

"எது? நின்னுகினு இருப்பேனே, அதுவா? குந்திகினு இருக்கறதா?"

அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

உட்கார்ந்திருப்பதுதான் என்றாள். நீ பயப்படாதேம்மா, யாருக்கும் தெரியாது, உன் பேர் எங்கேயுமே இல்லை, அடையாளம் தெரியாத பெண் என்றுதான் போட்டிருக்கிறது, படத்தையே வேண்டுமானால் மறைத்துவிடுகிறேன் என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள்.



உள்ளே இருந்து எட்வின் கூப்பிட்டான். அவள் இன்னும் நாலு படி கீழே இறங்கினாள்.

"வரஞ்சவரு பேரு இருக்குதா?" அம்மா கேட்டாள்.

இருக்கிறது என்றாள்.

"மழைக்காலம் பூரா ஆடாம குந்திகினு இருந்தவ நானு."

போன் வைக்கப்பட்டுவிட்டது.

திரும்பி வந்து கணினி முன் உட்கார்ந்தாள். படம் முழுதாக ஒட்டிவிட்டிருந்தது. அம்மா அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, விளக்கு வெளிச்சத்தில், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருப்பேன் என்பதைப் போல இருந்தாள். அவளைவிடச் சின்னப் பெண். சுட்டியில் வைத்த விரல் நகரவில்லை. மறைக்கலாம். இன்னும் நேரம் இருக்கிறது.

போன் அடித்தது.

"தே, பேரு போட்டீன்னா எங்கப்பா இனிஷியல் போடு. உங்கப்பாருது போட்டுறாத. அப்ப எனக்குக் கல்யாணம் ஆவல."

இந்தத் தடவையும் அம்மாவே வைத்துவிட்டாள்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். நேற்று எழுதிய குறிப்பைத் திறந்து, கத்தி வழித்த கதையை அழித்தாள். அடையாளம் தெரியாத பெண்ணையும் அழித்தாள்.

தாத்தா பெயர் வேலாயுதம்.

'வே. தனக்கோட்டி' என்று அடித்தாள்.

எட்வின் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். "யாருங்க மேடம் இது?"

'ஏற்று' என்பதை அழுத்திவிட்டு, அவன் பக்கம் திரும்பினாள்.