பேனா மூடி மெக்கானிக்

வயிறு வலிக்கச் சிரிக்கப் போகிறீர்கள். ஆனால் இப்போது இல்லை. முதலில் எங்கள் வீட்டுக் காரின் வயிற்றைப் பார்க்க வேண்டும்.

நிரப்ப நிரப்பக் காலியாகிக்கொண்டிருந்தது அது.

"நல்லா ஓடிக்கிட்டிருந்த வண்டி," என்றார் அப்பா. அப்பா குரல் எனக்குச் சுலபம். மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தபடி, ஒவ்வொரு வார்த்தைக்கும் சீல் குத்துவது போலப் பேசினால் போதும். "இப்ப என்னடான்னா பெட்ரோலைக் குடிக்கலை, குளிக்குது."

"டயர்ல காத்து இருக்கான்னு பாருங்க," என்றாள் அம்மா.

"காத்தெல்லாம் இருக்கு. ஓட்டுற ஆளைத்தான் பாக்கணும்."

எல்லாரும் அக்காவைப் பார்த்தோம். அவளுக்கு வேலை கிடைத்து, லைசென்ஸும் கிடைத்து, கார் சாவி கைக்கு வந்ததிலிருந்துதான் இந்தக் குளியல்.

"எங்கெல்லாம் சுத்துறே?"

"ஆபீஸ், வீடு. அவ்வளவுதான்ப்பா," என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவ எழுந்து போய்விட்டாள்.

அப்பா வண்டியை மெக்கானிக்கிடம் விட்டார். கூடவே நானும் போனேன். மனிதர் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். ஏர் ஃபில்டரைத் தட்டிப் பார்த்தார். ஜாக்கி போட்டுத் தூக்கி, பிரேக் எங்கேயாவது உரசுகிறதா என்று சக்கரங்களைக் கையால் சுற்றிப் பார்த்தார். எல்லா நேரமும் பல்லுக்கிடையில் ஒரு ஸ்க்ரூ.

"வண்டில ஒண்ணும் இல்ல சார்," என்றார் ஸ்க்ரூ வழியாக. "செகண்ட் கியர்லயே உருட்டிக்கிட்டிருந்தா இப்படித்தான் இழுக்கும். ஓட்டுறவங்ககிட்ட சொல்லுங்க."

அப்பா சொன்னார். சும்மா சொல்லவில்லை.

"மூணாவது கியர்னு ஒண்ணு இருக்கு, தெரியுமில்ல? இன்னும் ஒரு வாரம் பாப்பேன். இதே கதைன்னா சாவி என் கைக்கு வந்துடணும். நீ பஸ்ல போ."

அவள் ஆபீஸுக்கு பஸ் என்றால் இறங்கி, மாறி, மறுபடி நின்று போக வேண்டும். அக்கா சாவியை உள்ளங்கைக்குள் இறுக்கிக்கொண்டாள்.

சிரிப்பு எங்கேடா என்கிறீர்களா? வருது, வருது.

எனக்கு அந்த ஸ்க்ரூ குரல் மேல் ஆசை வந்துவிட்டது. ஸ்க்ரூவுக்குப் பதில் பேனா மூடி. எங்கள் வீட்டில் எந்தப் பேனாவுக்கும் மூடி கிடையாது, காரணம் அடியேன்.

ஒத்திகைக்கு எனக்கொரு மேடை உண்டு. ஷட்டில் பயிற்சி முடிந்து, இருட்டிய பிறகு சைக்கிளில் திரும்பும் கிடங்குச் சுவர் ரோடு. நீளமான ரோடு, பெயருக்கு ஒரு விளக்குக்கூட இல்லை. பயம் கியம் என்று நினைக்காதீர்கள். சுவரில் குரல் நன்றாக எதிரொலிக்கும், அதற்காகத்தான். என் சைக்கிள் விளக்கு எரியாது. பின்னால் ஏதாவது வண்டி வரும், அந்த வெளிச்சத்தில் போய்விடுவேன். முனையில் திரும்பும்போது, ஓட்டு வாங்கி ஜெயித்தவர் மாதிரி கையைத் தூக்கி, "உங்கள் பொன்னான ஹெட்லைட்டுக்கு நன்றி" என்பேன். கிண்டல்தான், ஆனால் பொய்யில்லை.

அன்றைக்கு அந்த ரோட்டில் முழுக்க முழுக்க மெக்கானிக்.

மறுநாள் மத்தியானம் நண்பன் ஃபோனிலிருந்து அக்காவைக் கூப்பிட்டேன். நண்பன் வாயில் கைக்குட்டையைத் திணித்துக்கொண்டு தயாராக இருந்தான்.

"ம்மா, மெக்கானிக் பேசுறேன்."

"சொல்லுங்கண்ணே."

"மைலேஜுக்கு ஒரு வழி இருக்கும்மா. கிளம்புறதுக்கு முன்னாடி வண்டியை மூணு சுத்து சுத்தி வாங்க. அப்புறம் பானெட்டைத் தட்டி, 'போலாமா ராசா'ன்னு கேளுங்க."

"பதில் சொல்லுமாண்ணே?"

"சொல்லாட்டி இன்னொரு சுத்து."

நண்பன் தரையில் உருண்டான். நீங்களும் உருளலாம். சொன்னேனே, இதுதான் அந்த இடம்.

"செஞ்சிடறேண்ணே," என்றாள் அக்கா. "ஆனா அந்த செகண்ட் கியரை மட்டும் என்னால மாத்த முடியாது."

"ஏம்மா?"

"முன்னாடி ஒரு சைக்கிள் போகுதுண்ணே."

"ஹாரன் அடிச்சு முந்திப் போங்க."

"முந்திட்டா அதுக்கு இருட்டாயிடும். விளக்கு இல்லாத சைக்கிள், விளக்கு இல்லாத ரோடு. வண்டில ஏறுன்னா, நான் என்ன குழந்தையான்னு எகிறும். அதான் பின்னாலயே உருட்டிக்கிட்டு வர்றேன்."

நான் பேனா மூடியை அழுத்திக் கடித்தேன்.

"பயம் வெளிய தெரியக்கூடாதுன்னு வழியெல்லாம் யார் குரல்லயாவது பேசிக்கிட்டே போகும்ண்ணே. ஜன்னலை இறக்கி வெச்சுக் கேப்பேன். முனையில ஒரு நன்றி சொல்லும். அதுக்கப்புறம்தான் நான் மெயின் ரோடு வழியா சுத்திக்கிட்டு வீட்டுக்கு வருவேன். நேத்து 'போலாமா ராசா'வைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பாத்துச்சு. கடைசியா சொன்னதுதான் நல்லா வந்துச்சு."

நண்பன் கைக்குட்டையை எடுத்துவிட்டு, என்ன ஆச்சு என்று சைகையில் கேட்டான்.

"அப்பாகிட்ட சொன்னா உன் மானம் போயிடும்னுதான் சொல்லலை," என்றாள் அக்கா. "பேனா மூடியை முழுங்கிடாதேடா."

வெளியே எடுத்தேன்.

"சாவியைக் குடுத்துடாதேக்கா. அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."



"இது யார் குரல்டா?" என்றாள் அக்கா. "இதுவரைக்கும் கேட்டதே இல்லையே."