பனியாற்றில் சாம்பல்

ஓடுகிற தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். ஆறு பிறக்கிற இடத்திலேயே கரைத்துவிடலாம் என்று அம்மா, மனைவி, கைக்குழந்தையோடு மலையேறி வந்த பிறகுதான், அங்கே ஆறு பனியாக உறைந்து கிடப்பதைச் செண்பகராமன் பார்த்தான். திரும்ப எடுத்துப்போக மனம் வராமல் அப்பாவின் சாம்பலைப் பனியின் மேலேயே கொட்டினான். ஒன்பது வருஷம் அவனோடு பேசாமல் இருந்து, பேசாமலே போய்ச் சேர்ந்தவர் அப்பா.

எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், உச்சி வெயிலில் சாம்பல் பனியைக் கரைத்துக்கொண்டு ஒரு விரற்கடை ஆழத்துக்கு இறங்கியிருந்தது. அம்மா அந்தக் குழிக்குள் விரல்களை விட்டாள். வெகுநேரம் அவற்றை வெளியே எடுக்கவில்லை.

"ரெண்டாம் நாளே உங்க சித்தப்பா சிதைச் சாம்பல்ல பால் ஊத்தி ஆத்துனாரே. இன்னும் சூடு அடங்கலையே உங்கப்பாவுக்கு."

பால் ஊற்ற வேண்டியவன் அவன். அன்று அவன் ஊருக்கே போகவில்லை.

மனைவியிடமிருந்து குழந்தையின் பால் ஃபிளாஸ்க்கை வாங்கி, மூடியில் கொஞ்சம் ஊற்றினான். ஆவி பறந்தது. குழியருகே மண்டியிட்டு உட்கார்ந்து, பாலை ஊதி ஊதி ஆற்றத் தொடங்கினான்.