அபாயம் நீங்கிய சங்கு

வலெட்டா நகரத்தின் போர்க்கால இடங்களை நடந்தே சுற்றிக்காட்டுவது என் வேலை. ஒன்பது வருடமாகிறது. குண்டுவீச்சின்போது மக்கள் ஒளிந்திருந்த, பாறையைக் குடைந்த பதுங்கிடத்தின் வாசலில், கைப்பிடியைச் சுற்றி ஒலிக்கும் பழைய அபாயச் சங்கை ஒலி ஏறி இறங்கும்படி சுற்றுவேன். விமானம் வருகிறது என்று பொருள். பயணிகள் சிரித்தபடி படியிறங்குவார்கள். ஜனவரியிலும் உள்ளே வெதுவெதுப்பாக இருக்கும். பின்வாசல் வழியாக வெளியேறி, கடையில் சுடச்சுட பஸ்திஸ்ஸிப் பலகாரம் தின்றுவிட்டுக் கலைவோம்.

இன்று மதியம் பயணிகள் எல்லாரும் போன பிறகு சங்கை எடுத்துப்போக முன்வாசலுக்குத் திரும்பினேன். கதவைப் பூட்ட வந்த காவலாளி வென்சு வம்புக்கு இழுத்தார்.

“ஏம்மா ஜுதித்தா, தினம் விமானம் வருதுன்னு ஊதுறியே, போயிடுச்சுன்னு ஒரு நாளாவது ஊதினியா? அந்தச் சங்கு கேக்காம ஒருத்தரும் மேல வரமாட்டாங்கன்னு எங்கம்மா சொல்லும்.”

“உங்களுக்காக இன்னிக்கு ஊதிட்டாப் போச்சு!”

ஏற்ற இறக்கமில்லாமல் ஒரே சீராக ஒரு நிமிடம் சுற்றினேன்.

சங்கு ஓய்ந்தது. ஆளில்லாத பதுங்கிடத்தில், கீழே யாரோ கம்பளியை உதறும் சத்தம் கேட்டது. ஒரு குழந்தை இருமியது. பிறகு படிகளில் காலடிகள்.

வென்சு தொப்பியைக் கழற்றினார். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். யாரையும் காணவில்லை. வெதுவெதுப்பான காற்று மட்டும் எங்களை உரசிக்கொண்டு தெருவுக்குப் போனது. கடைசிக் காலடி அடங்க நாற்பது நிமிடமானது.

“எங்க போறாங்க?” என்றேன்.

“வேற எங்க? அவங்கவங்க வீட்டுக்குத்தான்.”

நான் குடியிருப்பது அதே தெருவில், போருக்கு முன்பு கட்டிய வீட்டில். மாலையில் போய்க் கதவைத் திறந்தேன். காலையிலிருந்து பூட்டிக் கிடந்த வீடு, வெளியே அத்தனை குளிரிலும், வெதுவெதுப்பாக இருந்தது.