விசில்

வெள்ளம் சூழ்ந்த பள்ளிக்கூடத்தின் மொட்டைமாடியிலிருந்து டிரில் மாஸ்டர் அந்தோணிராஜின் குரல் கம்மிக் கம்மி வந்துகொண்டிருந்தது. அவரைப் போலவே ஹாம் ரேடியோ பழகிய ஜெசிந்தா, நிவாரண முகாமில் செட்டின் முன்னால் உட்கார்ந்து டயலை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினாள். குரல் தேய்ந்து அடங்கியது. அந்த இடத்தில் ஒரு விசில் சத்தம் வந்து காதைக் குடைந்தது. எவனோ இதே அலைவரிசையில் குறுக்கே நுழைந்து தொலைக்கிறான் என்று பல்லைக் கடித்தவள், விசிலை மட்டும் வடிகட்டும் பட்டனை அழுத்தினாள். செட் துடைத்துவிட்டதுபோல் அமைதியானது.

“ஆள் இருக்காராம்மா? இருக்கிறது ஒரே படகு. கீழத்தெருவுலயும் கூப்பிடுறாங்க” என்றார் பின்னால் நின்ற தாசில்தார்.

“சத்தமே இல்ல சார்.”

அவர் விறுவிறுவென்று வெளியே போனார்.

அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. குறுக்கே வரும் அலை விடாமல் கத்தும். இது விட்டுவிட்டு வந்தது, ஊதுகிறவன் மூச்சு வாங்குவதுபோல. தொண்டை கட்டிப்போன டிரில் மாஸ்டரின் கழுத்தில் வேறென்ன தொங்கும்?

பட்டனை விடுவித்தாள். விசில் இருந்தது, முன்னைவிடச் சன்னமாக.

“சார்!” என்று அலறிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். கீழத்தெருப் பக்கம் திரும்பிவிட்ட படகின் எஞ்சின் போட்ட இரைச்சலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.