எல்லாவற்றுக்கும் ஆமாம்

"குழந்தையை அடிச்சிருக்கீங்களா?"

"அடிப்பேன் மேடம்."

"சாப்பாடு போட மறந்ததுண்டா?"

"நிறைய வாட்டி."

மனோதத்துவ நிபுணருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒன்பது வயதுப் பெண் குழந்தை அம்மாவிடமா, அப்பாவிடமா என்று நாளை கோர்ட் முடிவு செய்யும். அதற்கு இவருடைய அறிக்கை சாயங்காலத்துக்குள் போயாக வேண்டும். குமாஸ்தா வேறு அடிக்கொரு தரம் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த நாற்காலியில் உட்கார்ந்து யாரும் ஒரு குறையை ஒப்புக்கொண்டதில்லை. கோபமே வராது, பொய்யே தெரியாது என்று கூசாமல் புளுகுவார்கள். காலையில் வந்த அப்பாகூட, வீட்டில் குரலை உயர்த்தியதே இல்லை என்று சாதித்துவிட்டுத்தான் போனார். இவள் என்னடாவென்றால் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறாள்.

இப்படியும் ஒரு தாயா என்று நிபுணருக்கு ஆத்திரமாக வந்தது. எழுதப் போனவர், மனசு கேட்காமல் எழுந்து ஜன்னல் வரை நடந்துவிட்டுத் திரும்பினார்.

"போன மாசம் குழந்தைக்குக் காய்ச்சல்னு ஸ்கூல்ல இருந்து கூப்பிட்டப்ப, நீங்க போகவே இல்லையாமே?"

"ஆமா மேடம். போகலை."

"அப்படி ஒண்ணு நடக்கவே இல்லம்மா. நானா இட்டுக்கட்டிச் சொன்னேன்."

அவள் கைப்பையின் வாரைத் திருக ஆரம்பித்தாள். நல்ல பேர் வாங்கத்தான் எல்லாரும் இங்கே பொய் சொல்வார்கள், கெட்ட பேர் வாங்க நீங்கள் ஏன் இப்படித் துடிக்கிறீர்கள், குழந்தை வேண்டாமா என்று கேட்டார் நிபுணர்.

"அவ இல்லாம எப்படி இருக்கப் போறேன்னே தெரியலை மேடம். ஆனா அவளுக்கு அப்பான்னா உசிரு."

"அப்ப கேஸை வாபஸ் வாங்க வேண்டியதுதானே?"

"வாங்கினா, அம்மாவே என்னை வேணாம்னுட்டாளேன்னு நினைப்பா. உங்க ரிப்போர்ட் ரெண்டுங்கெட்டானா இருந்தா, ஜட்ஜ் அவளையே கூப்பிட்டு யார் வேணும்னு கேப்பாராம். என் மூஞ்சியைப் பார்த்து 'அப்பா'ன்னு சொல்லிட்டு, அதை நினைச்சு அவ காலம் பூரா மருகக் கூடாது. அம்மா எனக்காகச் சண்டை போட்டா, பாவம் தோத்துட்டான்னே அவ நினைச்சுக்கட்டும் மேடம்."