கையெட்டும் தூரம்

“நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?”

“கத்தாதேண்ணா. தெருவுக்கே கேக்குது.”

“கேக்கட்டும்! கேக்க வேண்டியவங்களுக்குத்தான் காது போயிடுச்சுன்னு நீயே சொல்றியே!”

அண்ணனுக்கு அறுபது தாண்டிவிட்டது, தங்கைக்கு ஐம்பது. இருவரையும் பெற்ற டீச்சர், தொண்ணூறைக் கடந்தவர், நடுவில் கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தார்.

தலையணை உறைக்கு அளவெடுக்க வந்திருந்தாள் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா. அந்த வீட்டில் இருப்பதே இரண்டு தலையணை. சண்டை ஆரம்பித்ததிலிருந்து அவள் முதல் தலையணையைத்தான் அளந்துகொண்டிருந்தாள்.

சண்டையெல்லாம் ஒரே ஒரு வார்த்தைக்குத்தான். ‘போகலாம்.’ இதற்கா இவ்வளவு ரகளை என்று கேட்பவர்கள், டீச்சரிடம் மூன்றாம் வகுப்பு படிக்காதவர்கள்.

பள்ளிக்கூட வாசலை உரசிக்கொண்டு லாரிகள் ஓடும் சாலை. அதனால் மணியடித்தாலும் டீச்சர் வகுப்பில் ஒரு வாண்டும் அசையாது. கூட்டிப்போக ஆள் வந்துவிட்டதா என்று வாசலை ஒருமுறை பார்ப்பார். வந்திருந்தால், குனிந்த தலையில் கை வைத்து, “போகலாம்” என்பார். பிறகுதான் பையைத் தூக்கலாம்.

ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு வீட்டை விட்டால் சர்ச், சர்ச்சை விட்டால் வீடு. கணவர் நோயில் விழுந்து, போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் இழுத்துக்கொண்டு கிடந்தார். ஒருநாள் ஆராதனை முடிந்து வந்த டீச்சர், பழக்க தோஷத்தில் அவர் தலையில் கை வைத்து, “போகலாம்” என்றார்.

போய்விட்டார்.

அடுத்து, சர்ச்சில் மணியடித்துக்கொண்டிருந்தவர். அப்புறம் தபால்காரரின் அம்மா. அதற்குப் பிறகு ஆள் தேடி வர ஆரம்பித்துவிட்டது. “ரொம்ப இழுக்குது டீச்சர், ஒரு எட்டு வந்து சொல்லிட்டுப் போங்களேன்.” இதெல்லாம் மூடநம்பிக்கை என்று பாதிரியார் முழங்கு முழங்கென்று பிரசங்கம் செய்தார். ஆனால் தனக்குச் சளி பிடித்தால் மட்டும் டீச்சர் கண்ணில் படவே மாட்டார்.

ஊரையே அனுப்பிவைத்தவரை அனுப்பிவைக்கத்தான் இப்போது ஆளில்லை.

“வீட்டுக்கு ஆள் பார்த்தாச்சு,” என்றார் அண்ணன். “அம்மா இருக்கிற வரைக்கும் விக்க முடியாது. உனக்கு அப்படியே அவங்க குரல். நீ சொன்னா நிம்மதியாப் போயிடுவாங்க.”

“பெத்தவளைப் போன்னு சொல்ற நாக்கு எனக்கில்லை. வீடு போனா நான் எங்கே போறதாம்?”

“என் வீட்டுக்கு வா. அண்ணிக்கு ஒத்தாசையா இரு.”

“அண்ணிக்கு வேலைக்காரியா இருக்கிறதுக்கு, நான் அவரையே கட்டிக்கிறேன்.”

“யாரை? சர்ச்சுல ஆர்கன் வாசிக்கிறானே, அவனையா? உன்னைப் பார்த்துக்கிட்டே வாசிச்சு, சாவுப் பாட்டைக் கல்யாணப் பாட்டாக்கினவன்! நான் உயிரோட இருக்கிற வரைக்கும் அது நடக்காது!”

தையல்காரம்மாவின் கையில் அளவு நாடா அப்படியே நின்றுவிட்டது.

தங்கை அண்ணனையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“சரிண்ணா. என்னால முடியாது. நீயே சொல்லிடு. ஆனா அங்கேயே நின்னு சொன்னா கேக்காது. காதுகிட்ட குனிஞ்சு சொல்லு.”

அண்ணன் குனிந்தார்.

“இன்னும் கொஞ்சம்,” என்று சொல்லிவிட்டு, அவள் கட்டிலின் மறுபக்கம் நகர்ந்து நின்றுகொண்டாள்.

அண்ணன் மண்டியிட்டுத் தலையைத் தாழ்த்தினார். “அம்மா... நீங்க போகலாம்மா.”

டீச்சர் கண்ணைத் திறந்தார். மகனை உற்றுப் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் பார்த்தார். அங்கே யாருமில்லை. ஆனால் யாரோ வந்து நிற்பதைப் பார்த்துவிட்டவர்போல் மெல்லத் தலையசைத்தார். போர்வைக்குள்ளிருந்து அந்தக் கை எழுந்தது. மகனின் வழுக்கைத் தலையில் அமர்ந்தது.

“போகலாம்.”

அண்ணன் துள்ளி எழுந்தார். சிரிக்கப் பார்த்தார். “என்னம்மா இது, எனக்கா? எனக்கென்ன, குத்துக்கல் மாதிரி...”

வாக்கியத்தை முடிக்காமலே சரிந்தார். என்ன செய்வது, அவரும் மூன்றாம் வகுப்பு டீச்சரிடம்தான் படித்தவர்.

“காது கேக்காத மனுஷி, பாவம்! என்ன பேச்சு நடந்துச்சுன்னு அவங்களுக்கு என்ன தெரியும்? குனிஞ்ச தலையைப் பார்த்ததும் பள்ளிக்கூட ஞாபகம் வந்திருக்கு!” என்று தையல்காரம்மா தெரு முழுக்கச் சொல்லி முடித்தாள். தெருவும் உச்சுக்கொட்டியது.

வருடம் திரும்புவதற்குள் தங்கைக்கும் ஆர்கன்காரருக்கும் கல்யாணம் நடந்தது. வேறு ஊர்ச் சர்ச்சில் அவருக்கு வேலையும் கிடைத்தது. மாமியாரைப் பார்த்துக்கொள்ள அண்ணி வந்து சேர்ந்தாள். சாப்பாட்டுத் தட்டைக் கட்டிலில் வைத்துவிட்டு, கையெட்டும் தூரத்துக்கு வெளியே போய் நின்றுகொள்வாள்.

ஊருக்குக் கிளம்பும் நாளன்று, “உள்ளே வந்து ஆசீர்வாதம் வாங்கிக்கோங்களேன்” என்று தையல்காரம்மா வற்புறுத்தியும், புது மாப்பிள்ளை பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தெருவிலேயே நின்றார். தங்கை மட்டும் அறை வாசல்வரை போனாள். டீச்சர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

பக்கத்தில் நின்ற தையல்காரம்மாவுக்கே பாதிதான் கேட்டது. அவ்வளவு மெதுவாக, “போயிட்டு வர்றேம்மா” என்றாள் தங்கை.

“கதவைச் சாத்திட்டுப் போ,” என்றார் டீச்சர், திரும்பாமலே.